எந்த வேகத்தில் ஆடுது?

“அக்கா, ஹேண்டில் ஆடுது. கோன்செட் போயிருச்சுன்னு நினைக்கிறேன். மாத்திக் குடுங்க.”

பாகலூரில் எங்கள் பட்டறைக்கு வருகிற பேட்டரி வண்டிக்காரர்களில் நிறையப் பேர் நோயையும் மருந்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். கேட்டுக்கொள்வேன். ஸ்பேனரைத் தொடமாட்டேன். “எந்த வேகத்துல ஆடுது?” என்று கேட்பேன். “எப்பவும்தான் ஆடுது” என்று வரும் பதில். எந்த வண்டியும் எப்போதும் ஆடாது. ஆக்சிலரேட்டர் முறுக்கும்போதா, விடும்போதா, பிரேக் பிடிக்கும்போதா? தனியாகப் போகும்போதா, பின்னால் ஆள் இருக்கும்போதா? டயர் மாற்றியதற்கு முன்பா, பின்பா? இந்தக் கேள்விகளுக்கு ஒழுங்காகப் பதில் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இங்கே தம்பியோடு பட்டறை வைப்பதற்கு முன்னால் ஓசூர்ப் பக்கம் ஒரு டூ வீலர் கம்பெனியில் கடைசிப் பரிசோதனை லைனில் இருந்தேன். லைனிலிருந்து இறங்கும் வண்டியை உருளைமேல் ஏற்றி ஓட்டிப் பார்ப்பது, நட்டுகளில் மஞ்சள் மார்க்கர் கோடு இருக்கிறதா என்று பார்ப்பது, இதுதான் வேலை. இந்த வட்டாரத்தில் வீட்டுக்கு ஒருவராவது ஏதோ ஒரு வண்டிக் கம்பெனியில் ஷிப்ட் பார்த்திருப்பார்கள். 1980-ல் டிவிஎஸ் 50 வந்தது ஓசூரிலிருந்துதான். இன்று ஐக்யூப் வருவதும் அங்கிருந்துதான். ஏதர் 2021-ல் ஓசூரில் தொழிற்சாலை திறந்தது. போச்சம்பள்ளி பக்கம் ஓலா, சூளகிரியில் சிம்பிள் எனர்ஜி. செய்கிற ஊரும் ஓட்டுகிற ஊரும் ஒன்றாகிவிட்டதால் எங்கள் வாசலில் டிஎன்-70, கேஏ-51, கேஏ-08 என்று மூன்று வகை நம்பர் பிளேட்டும் நிற்கும். மாலூரிலிருந்து வருகிறவர் கன்னடத்தில் சொல்வார், பேரிகைப் பக்கத்துப் பெரியவர் தெலுங்கில் சொல்வார். ஆட்டம் எல்லா மொழியிலும் ஒன்றுதான்.

முதலில் ஆட்டம் ஏன் வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியின் முன் சக்கரம் சில நேரம் தானாகப் படபடவென்று இடமும் வலமும் அடித்துக்கொள்ளுமே, அதேதான் இதுவும். ஹேண்டில் தண்டை நேர்கோடாகக் கீழே நீட்டினால் அது தரையைத் தொடும் இடம் ஒன்று. டயர் தரையைத் தொடும் இடம் அதற்குச் சற்றுப் பின்னால். இந்த இடைவெளி இருப்பதால்தான் சக்கரம் விலகினாலும் தானே நேருக்குத் திரும்புகிறது. திரும்பும்போது நடுவில் நிற்காமல் கொஞ்சம் தாண்டிப் போகும், மறுபடி திரும்பும். நல்ல வண்டியில் இது ஒன்றிரண்டு துடிப்பிலேயே அடங்கிவிடும். அடங்காமல் யாராவது பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருந்தால் ஹேண்டில் உதறும்.

இங்கிலாந்துப் பொறியியலாளர் ராபின் ஷார்ப் 1971-ல் இதைக் கணக்கு போட்டுக் காட்டினார். இரு சக்கர வண்டி நிலைகுலைவதை அவர் மூன்றாகப் பிரித்தார். வண்டி மெல்லச் சாய்ந்து விழுவது ஒன்று. வண்டி முழுவதும் பின்புறத்தோடு சேர்ந்து வளைந்து வளைந்து அலைவது இரண்டாவது. இது நிதானமான அலைச்சல், நொடிக்கு இரண்டு மூன்று தடவை. முன் சக்கரமும் ஹேண்டிலும் மட்டும் வேகமாக உதறுவது மூன்றாவது. இது நொடிக்கு ஏழெட்டுத் தடவை. பட்டறைக்காரருக்கு இது வெறும் ஏட்டுப் படிப்பு இல்லை. ‘அலையுது’ என்று வருகிறவரையும் ‘உதறுது’ என்று வருகிறவரையும் நான் வேறு வேறு பக்கம் அனுப்புவேன். அலைகிற வண்டிக்குப் பின் சக்கரத்திலிருந்து தொடங்குவேன், உதறுகிற வண்டிக்கு முன் சக்கரத்திலிருந்து.

பேட்டரி ஸ்கூட்டரில் அடிக்கடி காதில் விழுகிற புகார் ஒன்று உண்டு. “நாப்பதுல, ஆக்சிலரேட்டரை விட்டா உதறுது.” அதென்ன நாற்பது? காரணம் சக்கரத்தின் அளவில் இருக்கிறது. இந்த ஸ்கூட்டர்கள் பலவற்றில் முன் டயர் 90/90-12. அதன் சுற்றளவு ஏறக்குறைய 1.47 மீட்டர். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 11 மீட்டர் போகிறோம், அதாவது சக்கரம் நொடிக்கு ஏழரைச் சுற்று. ஹேண்டிலின் இயல்பான துடிப்பும் அதே அளவுதான் என்று மேலே சொன்னேன். டயரில் ஒரு பக்கம் கொஞ்சம் கனம் கூடியிருந்தால் அது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தள்ளு தள்ளும். அந்தத் தள்ளு சரியாக ஹேண்டிலின் துடிப்போடு சேர்ந்துகொள்ளும் இடம்தான் இந்த நாற்பது. பெரிய சக்கரம் உள்ள பைக்கில் இதே கணக்கு ஐம்பதைத் தாண்டிப் போகும். எனவே “நாற்பதுக்கு மேலே போனா நின்னுடுது அக்கா” என்று ஒருவர் சொன்னால் எனக்கு நிம்மதி. சக்கரத்தில் ஏதோ சின்னக் கோளாறு. “அறுபதுக்கு மேலே போகப் போக அதிகமாகுது” என்றால்தான் கவலை.

ஆக்சிலரேட்டரை விட்டால் ஏன்? இது பேட்டரி வண்டிக்கே உரிய சங்கதி. பெட்ரோல் ஸ்கூட்டரில் கையை விட்டால் வண்டி சாவகாசமாக உருளும். பேட்டரி வண்டியில் விட்ட கணமே மோட்டார் டைனமோவாக மாறிப் பின் சக்கரத்தைப் பிடித்து இழுக்கும். அந்த மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும். எடை முன்பக்கம் சாயும், வலது மணிக்கட்டு தளரும், வேகம் ஐம்பதிலிருந்து முப்பத்தைந்துக்கு அந்த நாற்பதைக் கடந்து இறங்கும். மூன்றும் ஒரே நேரத்தில். போதாததற்கு இன்ஜின் அதிர்வு என்று ஒன்று கிடையாது. பெட்ரோல் வண்டியில் இன்ஜின் நடுக்கத்தில் கரைந்துபோகிற சின்ன உதறல் இங்கே அப்படியே உள்ளங்கைக்கு வந்துவிடுகிறது. பேட்டரி வண்டியில் முன்பக்கம் மோசம் என்று பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும். நாற்பது வருடமாக எல்லா ஸ்கூட்டரிலும் இருந்ததுதான், இப்போது கைக்குத் தெரிகிறது.

சர்ஜாபுரம் பக்கம் வேலைக்குப் போகிற ஒரு பையன் வந்தான். இரண்டு இடத்தில் காட்டியிருக்கிறான். ஒரு இடத்தில் கோன்செட்டை இறுக்கினார்கள், இன்னொரு இடத்தில் மாற்றியே விட்டார்கள். இரண்டு வாரம் நன்றாக இருக்குமாம், பிறகு பழைய குருடி. வண்டியை சென்டர் ஸ்டாண்டு போட்டு, சாவியை அணைத்து எடுத்தேன். பேட்டரி வண்டியில் இதைத் தவறவே விடக்கூடாது. சத்தமில்லாமல் ஆனில் இருக்கும் வண்டியில் தெரியாமல் ஆக்சிலரேட்டர் பட்டால் பின் சக்கரம் முழு வேகத்தில் சுற்றும், விரல் போகும். பின்புறத்தைத் தம்பி அமுக்கிப் பிடிக்க, முன் சக்கரம் எழும்பியது. ஃபோர்க்கில் ஒரு கேபிள் டையைக் கட்டி, அதன் வால் டயரின் பக்கவாட்டைத் தொடும் தூரத்தில் வைத்துச் சக்கரத்தைச் சுற்றினேன். ஒரு சுற்றில் ஒரே இடத்தில் மட்டும் சரக் என்று உரசியது.

அந்த இடத்தில் விளக்கடித்துப் பார்த்தால் விஷயம் தெளிவு. டயரின் ஓரத்தில், ரிம்முக்கு மேலே, சுற்றிலும் ஒரு மெல்லிய கோடு அச்சாகியிருக்கும். அந்தக் கோடு ரிம்மிலிருந்து எங்கும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். இவன் வண்டியில் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு ரிம்முக்குள் முங்கிக் கிடந்தது. டயர் மாற்றிய கடையில் விளிம்பு முழுதாக ரிம்மில் உட்காராமலே காற்றடித்து அனுப்பிவிட்டார்கள். கூடவே பஞ்சர் ஆகாமலிருக்க ஊற்றும் பச்சை திரவம் வேறு. இரவெல்லாம் வண்டி நின்றால் அது டயரின் அடியில் தேங்கிவிடும். காலையில் கொஞ்ச தூரம் ஓடிப் பரவும்வரை சக்கரம் ஒரு பக்கம் கனமாகவே சுற்றும். காற்றை முழுக்க இறக்கி, திரவத்தை வழித்து எடுத்து, ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, மறுபடி காற்றடித்தோம். ‘டப்’பென்று உட்காரும் சத்தம் கேட்டது. கோடு சமமானது. பேலன்ஸ் பார்த்து ஒட்டுக் கனம் ஒன்று வைத்தோம். அவ்வளவுதான் வைத்தியம்.

கோன்செட்டை இறுக்கியதும் ஏன் இரண்டு வாரம் நன்றாக இருந்தது? இந்தக் கட்டுரையை எழுதவே இந்த ஒரு கேள்விதான் காரணம். கோன்செட் என்பது ஹேண்டில் தண்டின் மேலும் கீழும் இருக்கிற கிண்ணமும் குண்டுகளும். அதை அளவுக்கு மீறி இறுக்கினால் ஹேண்டில் திரும்புவதற்கே உராய்வு கூடும். உராய்வு கூடினால் உதறல் அடங்கும். எந்தக் காரணத்தால் வந்த உதறலாக இருந்தாலும் அடங்கும். டயர் கோணல், ரிம் பெண்டு, பேரிங் தேய்வு எதுவானாலும் கோன்செட்டை இறுக்கி அனுப்பினால் வாடிக்கையாளர் அன்று சந்தோஷமாகப் போவார். அது குணமாக்குவது இல்லை, மறைப்பது. இறுக்கிய குண்டுகள் குழியில் இறங்கும் ஒவ்வொரு இடிக்கும் கிண்ணத்தில் பள்ளம் போடும். வண்டி பெரும்பாலும் நேராகத்தானே போகிறது. பள்ளமும் சரியாக நடுவிலேயே விழும். பிறகு ஹேண்டில் நடுவில் வந்து லேசாகக் கொக்கி போட்டாற்போல் நிற்கும், மெதுவாகப் போகும்போது வண்டி நேர்கோட்டில் நிற்காமல் இங்கும் அங்கும் இழுக்கும். அப்போது உண்மையாகவே கோன்செட் போயிருக்கும். முதல் காரணம் அப்படியே உள்ளே இருக்கும்.

இறுக்கும் விதமும் ஒன்று உண்டு. கோன்செட் நட்டுக்கு வெட்டு போட்ட வளையம் இருக்கும், அதற்கென்று கொக்கி ஸ்பேனர் இருக்கிறது. பல இடங்களில் அந்த வெட்டில் உளியை வைத்துச் சுத்தியலால் தட்டித்தான் இறுக்குகிறார்கள். எத்தனை தட்டு என்பது தட்டுகிறவர் மனநிலையைப் பொறுத்தது. லைனில் டார்க் ரெஞ்ச் ‘டிக்’ என்று சொன்னதும் நிறுத்தி, நட்டின் மேலிருந்து தண்டுவரை மார்க்கரால் ஒரு கோடு இழுப்போம். பிறகு நட்டு நகர்ந்தால் கோடு இரண்டாக உடைந்து தெரியும். உங்கள் வண்டியிலும் முன் அச்சு நட்டில், பிரேக் காலிப்பர் போல்ட்டில் அந்தக் கோடு இருக்கலாம், குனிந்து பாருங்கள். கோடு முறிந்திருந்தால் யாரோ கழற்றியிருக்கிறார்கள், அல்லது தானாகத் தளர்ந்திருக்கிறது.

கோன்செட் நிஜமாகவே தளர்ந்திருந்தால் அது வேறு மாதிரி பேசும். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் ‘டக் டக்’ என்று தட்டும். ஹேண்டில் தண்டும் பாடியும் சேரும் இடத்தில் விரலை வைத்தால் அந்தத் தட்டு விரலில் தெரியும். சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்பின்னாக இழுத்தாலும் தெரியும். அதே நிலையில் டயரை இடமும் வலமும் பிடித்து அசைக்கும்போது ஆட்டம் இருந்தால் அது வீல் பேரிங். பிரேக் பிடிக்கும்போது மட்டும் லீவரும் சேர்ந்து துடித்தால் டிஸ்க் நெளிந்திருக்கும். இதையெல்லாம் வீட்டு வாசலில் நீங்களே பார்க்கலாம். அதற்கும் முன்னால் காற்று. டயர் சூடாவதற்கு முன், வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கிற அளவுக்கு, நம்பகமான மீட்டரில். பெட்ரோல் பங்கு பக்கமே போகாத வண்டி என்பதால் காற்று பார்ப்பதையே மறந்துபோனவர்கள் எத்தனையோ பேர்.

பேரிகை ரோட்டில் பசுமைக்குடில் வைத்து ரோஜா போடுகிற பெரியவர் ஒருவரின் வண்டி நேர் எதிர்க் கதை. “பாம்பு மாதிரி போவுதும்மா” என்றார். அலைச்சல். பூக்கட்டுகளைப் பெட்டியில் அடுக்கிப் பின் கேரியரில் ஆள் உயரத்துக்குக் கட்டிக்கொண்டு ஓசூர் வருகிறார். பூ கனமில்லை என்பார். தண்ணீரில் நனைத்த பூவும் அட்டைப் பெட்டியும் கனம்தான். அந்தக் கனம் பின் அச்சுக்கும் பின்னால், உயரத்தில் உட்கார்ந்தால் முன் சக்கரத்தின் மேல் இருக்க வேண்டிய பாரம் குறைந்துபோகும். முன் சக்கரம் தரையைச் சரியாகப் பிடிக்காது. போதாக்குறைக்குப் பின் சக்கரத்தைப் பிடித்து ஆட்டியபோது சக்கரத்தோடு அதைத் தாங்குகிற ஸ்விங் ஆர்மும் சேர்ந்து ஆடியது, அதன் புஷ் தேய்ந்துவிட்டது. அவருடையது பின் சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் உள்ள வண்டி. மோட்டார் கனம் முழுவதும் சக்கரத்தோடு சேர்ந்து குழியில் இறங்கி ஏறுவதால் அந்த புஷ் படும் பாடு அதிகம். புஷ் மாற்றினோம், பாதிப் பெட்டியைக் கீழே கால் வைக்கும் பலகைக்கு மாற்றச் சொன்னோம். முன்பக்கத்தில் ஒரு நட்டுகூடத் திருகவில்லை. “முன்னாடி ஒண்ணுமே செய்யலையே, எப்படி நிக்கும்?” என்று சந்தேகத்தோடுதான் போனார்.

ரோட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தப் பக்கத்து ஆட்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். ஜல்லி டிப்பர்கள் ஓடுகிற ரோடுகள் இவை. மழை ஒன்று பெய்தால் குழி எங்கே, தண்ணீர் எங்கே என்று தெரியாது. 110 முதல் 130 கிலோ வரை எடையுள்ள பேட்டரி ஸ்கூட்டர் ஒன்று, ஆளோடு சேர்த்து இருநூறு கிலோவுக்கு அருகில், 12 அங்குலச் சக்கரத்தோடு அந்தக் குழியில் இறங்கினால் அலாய் ரிம்மின் உதடு மடங்கத்தான் செய்யும். மடங்கிய அலாயைச் சூடு காட்டித் தட்டி நிமிர்த்தித் தருகிறேன் என்பவர்கள் இருக்கிறார்கள். ஃபோர்க் குழாயைப் பிரஸ்ஸில் வைத்து நிமிர்த்துவதும் நடக்கிறது. முன்பக்கத்தைப் பொறுத்தவரை இரண்டுக்கும் நான் ஒத்துக்கொள்வதில்லை. நிமிர்ந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் அது அடுத்த குழிக்காகக் காத்திருக்கும்.

முன்பக்கம் உடைவது என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது ஓலா. அந்த வண்டிகளின் முன் ஃபோர்க் பற்றிச் சமூக ஊடகங்களில் புகார்கள் கிளம்பி, 2023 மார்ச்சில் அந்த நிறுவனம் ஃபோர்க்கை இலவசமாகப் புது அமைப்புக்கு மாற்றித் தருவதாக அறிவித்தது. பழைய ஃபோர்க்கில் இருந்தது சக்கரத்தை ஒரே பக்கம் தாங்குகிற ஒற்றைக் கை அமைப்பு. ஒற்றைக் கை என்றாலே தப்பு என்று ஒரு பேச்சு அப்போது கிளம்பியது, அது நியாயமில்லை. 1946-ல் வந்த வெஸ்பாவிலேயே ஒற்றைக் கைதான். அதை வடிவமைத்த கொராடினோ தாஸ்கானியோ விமானப் பொறியாளர். விமானச் சக்கரத்தைப் பார்த்துத்தான் அந்த யோசனை. விமானத்திலும் மூக்குச் சக்கரம் இப்படி உதறும் என்பதால் அதை அடக்க ஒரு சின்ன எண்ணெய் டாம்பரே வைத்திருப்பார்கள். தளி ரோட்டில் பேளகொண்டப்பள்ளி ஓடுதளத்தில் சின்ன விமானங்கள் இறங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் மூக்குச் சக்கரத்துக்குத்தான் போகும். ஸ்கூட்டருக்கு அந்த டாம்பர் கிடையாது. டயர், காற்று, பேரிங், நம் இரண்டு கை, இவைதான் டாம்பர்.

கை என்றதால் ஒரு எச்சரிக்கை. உதறுகிறதா என்று சோதிக்க ஓடுகிற வண்டியில் இரண்டு கையையும் விட்டுப் பார்க்காதீர்கள். நாற்பதில் கைவிட்டால் கொஞ்சம் உதறுகிற ஸ்கூட்டர்கள் நல்லவற்றிலும் உண்டு. சோதனைக்காக விழுந்தவர்களும் உண்டு. வேகத்தில் போகும்போது திடீரென்று உதறல் பிடித்தால் பிரேக்கை அமுக்க வேண்டாம், ஆக்சிலரேட்டரைச் சட்டென்று முழுதாக மூடவும் வேண்டாம். பேட்டரி வண்டியில் முழுதாக மூடுவது பிரேக் பிடிப்பதற்குச் சமம். கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, உடம்பை முன்னால் சாய்த்து ஹேண்டில் மேல் பாரம் கொடுத்தால் அடங்கும். ஓரம் கட்டுங்கள். உதறலோடு புதிதாக ‘கிறீச்’ சத்தமோ தட்டும் சத்தமோ சேர்ந்திருந்தால் அங்கிருந்து ஓட்டிக்கொண்டு வராதீர்கள், குட்டி யானையில் ஏற்றி வாருங்கள்.

வாரன்ட்டி உள்ள வண்டி என்றால் என் பட்டறைக்கு வருவதற்கு முன் கம்பெனி சர்வீஸுக்குத்தான் போக வேண்டும். ஃபோர்க்கையோ கோன்செட்டையோ வெளியில் கழற்றினால் பிற்பாடு வாரன்ட்டியில் கேட்கும்போது வாக்குவாதம் வரும். அங்கே ஜாப் கார்டில் ‘ஹேண்டில் ஆட்டம்’ என்று இரண்டே வார்த்தையில் எழுதுவார்கள். டெஸ்ட் டிரைவ் போகிறவர் சர்வீஸ் சென்டர் வாசலில் முப்பதில் ஒரு சுற்று சுற்றிவிட்டு ‘ஓகே’ போட்டுவிடுவார். நீங்களே சொல்லி எழுத வையுங்கள்: ‘45-லிருந்து 35-க்கு இறங்கும்போது, ஆக்சிலரேட்டர் விட்ட நிலையில், தனி ஆள், பிரேக் தொடாமல், டயர் மாற்றிய பிறகு.’ எழுதியதை போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். டெஸ்ட் டிரைவுக்கு அவர் பின்னால் நீங்கள் உட்கார வேண்டாம், உங்கள் எடையில் அந்த ஆட்டம் மாறிவிடும்.